ஒரு கைக்கு மட்டும் கிளம்பிய வண்டி

1

பெரியகுளத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவரிடம் பழைய பிக்கப் வண்டி ஒன்று விலைக்கு வருகிறதாம். முன்பாதி கார் போலவும் பின்பாதி திறந்த தொட்டியாகவும் இருக்கும் சின்ன பாரவண்டி அது. அனுமந்தன்பட்டியில் இருக்கும் என் தம்பி சின்னச்சாமி அதை வாங்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறான். இங்கே மலாயாவில் நான் வைத்திருந்ததும் அதே கம்பெனி வண்டிதான். "நீ வருசக்கணக்கா ஓட்டுனவன். நல்லது என்ன, கெட்டது என்ன, ஒளிக்காமச் சொல்லு" என்கிறான்.

அவன் அவசரத்துக்குக் காரணம் உண்டு. சண்டைக் காலத்தில் போடி ரயில் பாதையின் தண்டவாளங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தேனிச் சந்தைக்கு வரும் பருத்தியும் போடியில் சேரும் ஏலக்காயும் இப்போது ரோட்டு வழியாகத்தான் மதுரைக்குப் போயாக வேண்டும். வண்டி வைத்திருப்பவன் பிழைத்துக்கொள்வான் என்று அங்கே எல்லோரும் பேசிக்கொள்கிறார்களாம்.

என்னிடம் இதுவரை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். நாலு பேர் கூடின இடத்தில் எனக்குப் பேச வராது. கடைக்குப் போனால்கூட எல்லோரும் வாங்கிப் போகட்டும் என்று ஓரமாக நிற்பேன். தம்பிக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதி முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. வண்டியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அதோடு ஒட்டிக்கொண்டிருப்பதெல்லாம் கூடவே வருகிறது. உத்தமபாளையம் வாசகசாலையில் இந்தப் பத்திரிகையைச் சின்னச்சாமி தவறாமல் படிப்பான். நம் பக்கத்தில் இதே மாதிரி வண்டி வாங்க நினைக்கும் வேறு யாருக்காவது உதவினாலும் உதவட்டும் என்று இங்கேயே எழுதி அனுப்புகிறேன்.

2

முதலில் நல்லதைச் சொல்கிறேன்.

ஈப்போவுக்குத் தெற்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். வாலிபத்தில் ஒரு தோட்டத்துக் கடையில் கணக்கு எழுத வந்தேன். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது விற்ற பிக்கப்பை வாங்கினேன். டவுனிலிருந்து அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்ப் போடுவதுதான் தொழில்.

இந்த வண்டிக்கு அடிவயிறு உயரம். இங்கே பெய்கிற மழைக்குத் தோட்டத்து ரோடெல்லாம் உழுத வயல் மாதிரி ஆகிவிடும். பெரிய லாரிகள் புதைந்து நிற்கும் இடத்தில் இது முக்கி முனகிக்கொண்டு வெளியே வந்துவிடும். நம் பக்கம் கூடலூர், கம்பத்து வயல்களுக்கு நடுவே மூட்டை ஏற்றப் போகிறவனுக்கு இது பெரிய வசதி.

ரிப்பேர் என்றால் பட்டணத்துக்கு ஓட வேண்டியதில்லை. கம்பி, சணல், ஒரு துண்டு ரப்பர் இருந்தால் பாதி வியாதி சரியாகிவிடும். எஞ்சின் எந்த எண்ணெயையும் குடிக்கும். முகம் சுளிக்காது. பின்பலகையை இறக்கிவிட்டால் அதுவே பெஞ்சு. என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் அதில் உட்கார்ந்துதான் முருங்கைக்கீரை ஆய்வாள்.

எங்கள் சந்தையில் இதே வண்டியைப் பால் வியாபாரத்துக்கு வைத்திருந்த ஒரு சீக்கியர் இருந்தார். அவர் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். "இது எருமை. வேகம் கேட்காதே. சேற்றைக் கண்டால் அதற்குச் சந்தோஷம்" என்பார். சரியான பேச்சு. அவர் எருமை வைத்திருந்தவர், வண்டியும் வைத்திருந்தவர்.

3

இனிக் கெட்டது.

மேடு ஏறினால் ரேடியேட்டர் கொதிக்கும். குமுளி மலைப்பாதையில் இதை ஏற்றுவதாக இருந்தால் இரண்டு டின் தண்ணீர் இல்லாமல் கிளம்பக் கூடாது. கொதிக்கிற மூடியை அவசரப்பட்டுத் திறந்தால் முகம் வெந்துபோகும். இறக்கத்தில் பிரேக் ஒரு மிதியில் பிடிக்காது, இரண்டு மிதி வேண்டும். மதுரை ரோட்டில் இது தெரியாது. மலையிலிருந்து இறங்கும்போது தெரியும். முன்கண்ணாடிக்கு மேலே இடுக்கு இருக்கிறது. மழை நேராக மடியில் ஒழுகும். ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவு நாளாக ஆக உள்ளேயிருந்து திறக்காது. கையை வெளியே விட்டுத்தான் திறக்க வேண்டும்.

இவையெல்லாம் சின்னக் குறைகள். பெரிய குறை, கிளப்புவது.

ரேடியேட்டர் ஓரமாக ஒரு கம்பி வளையம் தொங்கும். அதை இழுத்தால் எஞ்சினுக்குள் போகும் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். இடது கை விரலால் அதைப் பாதி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால், வண்டியின் முன்னால் செருகும் இரும்பு ஹாண்டிலைச் சுற்ற வேண்டும். பாதி என்றால் எவ்வளவு என்று கேட்காதே. கொஞ்சம் குறைந்தால் இருமிவிட்டு நின்றுவிடும். கொஞ்சம் கூடினால் பெட்ரோல் முழுகி ஒரு நாழிகைக்கு வண்டி அசையாது. சுற்றும் வேகம் தப்பினால் ஹாண்டில் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு போய்விடும். சில வண்டிகளில் இந்தக் கோளாறு லேசாக இருக்கும். என் வண்டியில் முற்றிப்போயிருந்தது. எனக்கு நாலு தடவையில் ஒரு தடவை கிளம்பும். வேறு யாருக்கும் கிளம்பவே கிளம்பாது. சீக்கியர் ஒருநாள் பந்தயம் கட்டி, வேர்த்து, தலைப்பாகை அவிழ்ந்து, தோற்றுப்போனார்.

என் மகன் முருகேசனுக்கு மட்டும் முதல் சுற்றிலேயே கிளம்பும்.

4

முருகேசன் இங்கே பிறந்தவன். எங்களுக்கு ஒரே பிள்ளை. எங்கள் பக்கம் தகப்பனை அய்யா என்போம், தாயை ஆத்தா என்போம். அவன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து அப்பா, அம்மா என்றுதான் கூப்பிட்டான். பேச்சியம்மாள் சிரித்துக்கொண்டே திருத்துவாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

இங்கே மலாய்க்காரர்கள் இருக்கும் கிராமத்தைத் தமிழர்கள் கம்பம் என்பார்கள். "நம்ம ஊரு கம்பத்துக்குப் பக்கம்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் சின்ன வயதில் அவன் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மலாய்க் கிராமத்தைத்தான் பார்ப்பான். வளர்ந்த பிறகு அது வேறு என்று தெரிந்துகொண்டான். ஆனாலும் "ஒங்க ஊரு" என்றுதான் சொன்னான். நம்ம ஊரு என்று ஒருதரம்கூட அவன் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

பேச்சியம்மாள் அனுமந்தன்பட்டியில் மாட்டு வியாபாரம் செய்த வீட்டில் பிறந்தவள். இங்கே எங்களுக்கு மாடு இல்லை. அதனால் மாட்டுப் பொங்கலன்று வண்டியைக் குளிப்பாட்டுவாள். விளக்கு இரண்டுக்கும் மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, பொங்கல் ஊட்டுவது போல எஞ்சின் மூடியில் ஒரு உருண்டை வைப்பாள். முருகேசன் வெட்கத்தில் ஓடி ஒளிவான். பதினாறு வயதில் ஒரு பொங்கலுக்கு ஓடாமல் நின்றான்.

"அம்மா, ஒங்க மாட்டுக்குக் கொம்பு இல்லையே" என்று சொல்லிவிட்டு, மஞ்சள் பெயிண்டு வாங்கி வந்து முன்சக்கரங்களுக்கு மேலே இருக்கும் மட்கார்டு இரண்டிலும் வளைவாக ஒவ்வொரு கொம்பு எழுதினான்.

"எடக் கொம்பு கோணலா இருக்குடா" என்றாள்.

"குத்துற மாடு. அப்படித்தான் இருக்கும்."

"ஆமா, எம்புட்டுக் கண்டே நீ! கொம்பு பாத்து மாடு வாங்குன வம்சம்டா ஒன் தாத்தா வம்சம்."

"அதான் நீங்க கண்ண மூடிக்கிட்டு எங்கப்பாவ வாங்கிட்டீங்க" என்றான். அவள் ஈரத் துணியால் அவனை விரட்டினாள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் எனக்குப் பதிலாகவும் அவனே பேசிவிடுவான். எனக்கு அது வசதியாக இருந்தது.

5

சண்டை இந்தப் பக்கமும் வரும் என்று பேச்சு கிளம்பியபோது பேச்சியம்மாள் ஊருக்குப் போய்விடலாம் என்றாள். அங்கே எனக்கும் தம்பிக்கும் பொதுவாக வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அவள் அண்ணன் மகள் ஒருத்தி முருகேசனுக்கு முறைப்பெண்ணாக இருந்தாள். மூன்று பேரும் கப்பல் ஏற வண்டியை விற்றால் போதும்.

"நீங்க போங்க. நான் வண்டிய வச்சுப் பொழச்சுக்குறேன்" என்றான் முருகேசன்.

"ஒன்ன விட்டுட்டா? மூணு பேரும் போறம், இல்ல மூணு பேரும் இங்கனயே சாவுறம்" என்றாள் அவள். அதற்கு மேல் அவன் எதிர்த்துப் பேசவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

வாங்க வந்தவர் ஒரு சீனர். காய்கறித் தோட்டம் வைத்திருந்தார். டயரைத் தட்டினார், தொட்டிக்குள் ஏறிக் குதித்துப் பார்த்தார். முருகேசன் மலாயில் பேசினான். முருகேசனே கிளப்பி, ஒரு சுற்று ஓட்டியும் காட்டினான். அவருக்குப் பிடித்துவிட்டது. கையை நீட்டப் போகிற சமயத்தில் பேச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, கொறை சொல்லியாச்சா?"

இதை நம் பக்கத்தார் அல்லாதவர்களுக்கு விளக்க வேண்டும். அவள் பிறந்த வீட்டில் மாடு விற்கும்போது, கயிறு கைமாறுவதற்கு முன்னால் வீட்டுப் பெண் வாசலில் நின்று மாட்டின் குறையைச் சொல்ல வேண்டும். முட்டும், மிரளும், இடது பக்கம்தான் பூட்டணும் என்று எது உண்டோ அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விற்றால் மாடு போய்விடும், குறை மட்டும் விற்ற வீட்டிலேயே தங்கிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் நஷ்டப்பட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

"வண்டிக்கு எதுக்கு பேச்சி அதெல்லாம்?" என்றேன் மெதுவாக.

"மாட்டுக்கு உண்டு, வண்டிக்குக் கெடையாதா? இம்புட்டு நாளு நமக்குச் சோறு போட்டது எது? ஏலே முருகேசு, அவுககிட்ட எடுத்துச் சொல்லு. மேடு ஏறுனா கொதிக்கும்னு சொல்லு."

முருகேசன் என்னைப் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் இத்தனை நாள் இல்லாத சிரிப்பு வந்தது. மலாயில் சொன்னான். சீனர் தலையாட்டினார்.

"எறக்கத்துல ரெண்டு மிதி மிதிக்கணும். மழை பேஞ்சா மடியில ஒழுகும். வலக் கதவு உள்ளுக்கிருந்து தொறக்காது. சொல்லிட்டியா?"

"ஒண்ணு விடாமச் சொல்றேன்மா" என்றான். அப்படியே சொன்னான். சில இடத்தில் அவள் சொன்னதைவிடக் கொஞ்சம் நீளமாகவே சொன்னதாக எனக்குப் பட்டது. சீனர் தலையாட்டுவது நின்றுவிட்டது.

"முக்கியமானதச் சொல்லு. எல்லாருக்கும் கெளம்பாது. எம்மகன் கைக்குத்தான் கெளம்பும்."

அதையும் அவன் சொன்னான். சீனர் ஹாண்டிலை வாங்கிச் சுற்றிப் பார்த்தார். கிளம்பவில்லை. மறுபடியும் சுற்றினார். பிறகு அதை முருகேசன் கையில் கொடுத்துவிட்டு என்னவோ சொல்லிப் பெரிதாகச் சிரித்தார். முருகேசனும் சிரித்தான்.

"என்னடா சொல்றாரு?" என்றாள்.

"பையனையும் சேத்துக் குடுத்தா வாங்கிக்கிறாராம்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் காப்பி கொடுத்தோம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. அடுத்து ஆள் தேடுவதற்குள் கப்பல்கள் நின்றுபோயின.

அவள் செய்தது பிழை என்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. அவள் வளர்ந்த வழி அது. சொல்லாத குறைதான் வீட்டில் தங்கும் என்பார்கள். எங்களுக்குச் சொன்ன குறையும் தங்கிவிட்டது.

6

ஜப்பான்காரர்கள் வந்து கொஞ்ச காலம் வண்டியைக் கீற்றும் விறகும் போட்டு மூடி வைத்திருந்தோம். யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு காலையில் இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். ஒருவன் விறகைக் காலால் தள்ளினான். இன்னொருவன் ஹாண்டிலைக் கேட்டான். கொடுத்தேன்.

அவன் சுற்றினான். வண்டி இருமிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி வேகமாகச் சுற்றினான். ஹாண்டில் திருப்பி அடித்துவிட்டது. கையை உதறிக்கொண்டு என்னிடம் வந்து கன்னத்தில் அறைந்தான். நான் வேண்டுமென்றே கெடுத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என்னைக் கிளப்பச் சொன்னான். நாலில் ஒன்று வருகிற எனக்கு அன்றைக்கு அதுவும் வரவில்லை. பெட்ரோல் முழுகிவிட்டது. மற்றவன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான்.

வீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த முருகேசன் வெளியே வந்தான். வரக்கூடாது என்று சொல்லித்தான் அவனை அங்கே நிறுத்தியிருந்தோம்.

"தள்ளுங்கப்பா" என்றான். அவர்களிடம் கையைக் காட்டி, பொறுங்கள் என்பது போல ஏதோ செய்தான். எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் காற்று வாங்கவிட்டான். யாருக்கும் அவசரமே இல்லாத மாதிரி நின்றான். பிறகு மூடிவிட்டு, கம்பி வளையத்தை விரலில் மாட்டி, ஒரே சுற்று. கிளம்பிவிட்டது.

சிப்பாய்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். அடிபட்ட கைக்காரன் முருகேசன் முதுகில் தட்டிக்கொடுத்தான். பிறகு ஓட்டுகிற இடத்தைக் காட்டினான்.

பேச்சியம்மாள் ஓடிவந்தாள். "சோறு வெந்துருச்சுடா. ஒரு வாய் தின்னுட்டுப் போறேன்னு சொல்லுடா அவுககிட்ட."

"வந்து திங்கிறேன்மா. வண்டிய எங்கனயாச்சும் கொண்டு விட்டுட்டு வரணும், அம்புட்டுத்தான்" என்றான். அங்கன, இங்கன என்று பேசினால் அம்மாவைக் கேலி செய்கிறவன், அன்றைக்கு அவளைப் போலவே பேசினான். வண்டி போய்விட்டது. அந்தக் கோணல் கொம்பு திருப்பத்தில் தெரிந்தது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

சின்னச்சாமி, நீ கேட்டதற்கு நான் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வண்டி நல்ல வண்டி, வாங்கு. கொதிப்பதையும் ஒழுகுவதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பணம் கொடுக்கும் முன் நீ ஒருதரம் கிளப்பிப் பார். போகிற வருகிற எவனையாவது கூப்பிட்டுக் கிளப்பச் சொல். எவன் கை போட்டாலும் கிளம்பினால் எடு. உன் மகன் கைக்கு மட்டும் கிளம்பினால், பெரியகுளத்திலேயே விட்டுவிட்டு வா.

7

சயாம், பர்மா எல்லையில் காட்டுக்குள் ரயில் பாதை போடும் வேலைக்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துப் போனார்கள். அவர்களுக்கு அரிசி ஏற்றும் வண்டிகளில் ஒன்றை முருகேசன் ஓட்டுகிறான் என்று ஆரம்பத்தில் ஒரு செய்தி வந்தது. அதன் பிறகு இல்லை. நம் ஊரில் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள் என்று தம்பி எழுதியதைப் படித்தபோது, இங்கே இத்தனை பேர் செத்துத் தண்டவாளம் போட்டதை நினைத்துக்கொண்டேன். அதில் எதுவும் யோசிப்பதற்கு இல்லை. நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சண்டை முடிந்ததும் ஆபீஸ்களுக்கு நடந்தேன். இதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. ஆபீஸில் பேச எனக்கு முருகேசன்தான் துணை வருவான். இங்கிலீஷும் மலாயும் அவனுக்குத் தெரியும். அவனைத் தேடுவதற்கு நான் தனியாகப் போக வேண்டியிருந்தது.

வண்டி பறிபோனவர்களுக்கு ஒரு ஆபீஸ், ஆள் காணாமல் போனவர்களுக்கு ஒரு ஆபீஸ். வண்டி ஆபீஸில் நிறையக் கேட்டார்கள். எந்த வருஷத்து வண்டி, என்ன நிறம், டயர் எப்படி இருந்தது, என்னென்ன பழுது இருந்தது, அடையாளம் ஏதாவது உண்டா என்றார்கள். கொம்பைச் சொன்னேன். குமாஸ்தா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். ஆள் ஆபீஸில் பெயர், வயது, தகப்பன் பெயர். அதோடு முடிந்தது. அடையாளம் கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்கலாம். அவனுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டு உண்டு. பின்னால் ஆட்கள் நின்றார்கள், விட்டுவிட்டேன்.

"இறந்துவிட்டாரா, காணவில்லையா? ஒன்றைச் சொன்னால்தான் எழுத முடியும்" என்றார் அந்தக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துத் தமிழர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"தெரியவில்லை" என்றேன்.

"தெரியவில்லை என்பதற்கு இதில் இடமில்லை" என்றார். அவர் மேல் பிழையில்லை. காணவில்லை என்று எழுதச் சொல்லிவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்கள் கப்பலுக்குப் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். இங்கே எனக்கு வண்டியும் இல்லை, தொழிலும் இல்லை. ஒரு கடையில் மூட்டை கணக்குப் பார்க்கிறேன். பேச்சியம்மாளிடம் எத்தனையோ தரம் கெஞ்சிவிட்டேன்.

"மூணு பேரும் போறதுன்னாத்தான் நான் வருவேன்" என்பாள். "அவன் வந்து வீடு பூட்டிக் கெடந்தா எங்கன போய் நிப்பான்? அனுமந்தன்பட்டிக்கு வழி தெரியுமா அவனுக்கு?"

தெரியாதுதான். அவன் நம் ஊரைப் பார்த்ததே இல்லை.

8

போன மாதம் கருப்பையா என்பவர் எங்களைத் தேடி வந்தார். அல்லிநகரத்துக்காரர். அந்த ரயில் வேலையிலிருந்து உயிரோடு திரும்பியவர். காலில் ஆறாத புண். பக்கத்துத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், உறவுக்காரர் வீட்டில் இருக்கிறார். கம்பை ஊன்றிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

"கொம்பு எழுதுன வண்டிய ஓட்டுன பையன் ஒங்க பையனாண்ணே?" என்று கேட்டார்.

பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்துவிட்டாள்.

"தங்கமான பையன் மதினி. எங்கப்பா ஆத்தா தேனிப் பக்கம்னு சொன்னான். நான் அல்லிநகரம்னதும் சிரிச்சான். அப்பறம் எங்க கேம்பு வழியா வாரப்பவெல்லாம் வண்டிய பள்ளம் நொடியில விடுற மாதிரி விட்டு ஒரு குலுக்குக் குலுக்குவான். மூட்டையில இருந்து அரிசி சிந்தும். நாங்க மண்ணோட கூட்டி அள்ளிக்கிருவோம். சிப்பாய்க்கு ரோடுதான் மோசம்னு நெனப்பு."

"சாப்புட்டானா? மேலுக்குச் சொகமா இருந்தானா?"

"மழை தொடங்குற வரைக்கும் நல்லாத்தான் இருந்தான். அப்பறம் எங்கள மேக்க வேற கேம்புக்குக் கொண்டு போயிட்டாக. ரெம்ப நாள் கழிச்சு அந்த வண்டிய அங்கன பாத்தேன். அதே கொம்பு. ஆனா ஓட்டுனது வேற ஆளு. பர்மாக்காரன் மாதிரி இருந்தான். ஒங்க பையன் எங்கன்னு கேக்கப் போனேன், அவன் பாசை எனக்குப் புரியல."

வண்டி வேறு கைக்குப் போயிருந்தால் இவன் இல்லை என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் பேச்சியம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"அந்த வண்டி ஒருத்தருக்கும் கெளம்பாதுல்ல?" என்று என் பக்கம் திரும்பினாள். "அப்ப எம்மகன்தான் சொல்லிக் குடுத்துருக்கான். அவன் சொல்லிக் குடுக்காம இன்னொருத்தன் எப்படி ஓட்டுவான்? வேற வண்டிக்கு அவன மாத்திருப்பாக. அம்புட்டுத்தான்."

அதில் நியாயம் இருப்பதாக எனக்கும் தோன்றியது. அந்த வாரம் முழுவதும் அவள் பெட்டியிலிருந்த அவன் சட்டைகளை எடுத்துத் துவைத்தாள். கிழிந்த இடங்களைத் தைத்தாள். பாடக்கூடச் செய்தாள், வாய்க்குள்ளே. நான் கடையிலிருந்து வரும்போது அது கேட்கும். வாசலிலேயே கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே போவேன்.

ஒருநாள் அவளாகவே, "கருப்பையாகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். கருவாட்டுக் குழம்பு வைத்து, தூக்குச்சட்டியில் சோறும் எடுத்துக்கொண்டு இருவரும் நடந்து போனோம். அவர் லயத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் இலையைப் போட்டுப் பரிமாறினாள். ஊர் வாசனை வந்த குழம்பு என்று அவர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்.

"அந்த வேற ஆளு ஓட்டுனான்னு சொன்னிகளே, அவன் வண்டிய எப்படிக் கெளப்புனான்?" என்று கேட்டாள்.

"தள்ளித்தான் மதினி" என்றார் அவர் வாயில் சோற்றோடு. "நானும் தள்ளிருக்கேன். காலையில வண்டி எடுக்குறதுக்குன்னே எங்கள்ல அஞ்சாறு பேர விரட்டிக்கிட்டு வருவாக. முழங்கால் சேத்துல நின்னு தள்ளணும். சரிவு வர்ற வரைக்கும் தள்ளணும்."

"ஹாண்டில் போட்டுப் பாக்கலையா?"

"போடாம என்ன? ஆளாளுக்குப் போட்டாக. சிப்பாயி போட்டான், அந்தப் பர்மாக்காரன் போட்டான். யாரு கைக்கும் வரல. அந்தக் கம்பி எதுக்குத் தொங்குதுன்னே ஒருத்தனுக்கும் தெரியல. ஒருத்தன் அத அறுத்தே போட்டுட்டான்." சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். கை இலையிலேயே நின்றுவிட்டது.

"சாப்புடுங்க" என்றாள் அவள். "இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்தவா?"

அவர் வேண்டாம் என்றார். அவள் ஊற்றினாள். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை இருந்து, சட்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பினோம். வழியில் ரப்பர் மரங்களுக்கு நடுவே அவள் எனக்கு முன்னால் நடந்தாள். நான் தூக்குச்சட்டியோடு பின்னால் போனேன். ஆறுதலாகப் பேச எனக்குத் தெரியாது. முருகேசன் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பான்.

9

அதன் பிறகு அவள் வண்டியைப் பற்றியும் பேசவில்லை, அவனைப் பற்றியும் பேசவில்லை. தைத்து மடித்த சட்டைகளைப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

முந்தாநாள் காலை அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல், "கப்பலுக்குப் பேரு குடுக்குற எடத்துக்குப் போயிட்டு வந்துருங்க" என்றாள்.

நான் நின்றேன்.

"எத்தனை பேர் என்று கொடுக்க?" என்று கேட்டேன்.

களைந்த தண்ணீரை வடித்தாள். அரிசியை உலையில் போட்டாள். மூடி வைத்தாள்.

"ரெண்டு பேருன்னு சொல்லுங்க" என்றாள்.

இத்தனை மாதம் அவளிடம் நான் கெஞ்சியது இதற்காகத்தான். வேட்டியை மாற்றிக்கொண்டு ஆபீஸ் வரை போனேன். வரிசை நீளமாக இல்லை. ஆனாலும் ஓரமாக ஒதுங்கி நின்று, எல்லோரும் போகட்டும் என்று இருந்தேன். எல்லோரும் போனார்கள். குமாஸ்தா என்னைப் பார்த்து, வாருங்கள் என்று கை காட்டினார். இரண்டு பேர் என்று சொல்ல மனம் வராமல் நான் திரும்பி வந்துவிட்டேன்.

"குடுத்தாச்சா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு" என்றேன்.

நேற்றும் கேட்டாள். நேற்றும் அதையே சொன்னேன். இன்று காலையும் கேட்டாள்.